சாலைக்கு மார்க் போடுவது யார்?

ஒரு சாலை எந்த நாளில் கெட்டுப்போகிறது? தெருவிளக்கு எரிகிறதா இல்லையா என்று சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதிலும் வாதத்துக்கு இடமில்லை. சாலை அப்படியல்ல. முதலில் ஒரு மெல்லிய விரிசல், அடுத்த மழைக்கு ஒரு சிறு பள்ளம், அதன்மேல் ஒரு ஒட்டு, பிறகு ஒட்டின்மேல் ஒட்டு. நேற்றுவரை நல்ல சாலை, இன்றிலிருந்து மோசமான சாலை என்று தேதி குறிக்க முடியாது.

1950களின் இறுதியில் அமெரிக்கப் பொறியாளர்கள் சிலருக்கு இந்தத் தேதி அவசரமாகத் தேவைப்பட்டது. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகில், சோதனைக்கென்றே ஆறு வளையச் சாலைகளைப் போட்டிருந்தார்கள். தாரும் கான்கிரீட்டும் துண்டுக்குத் துண்டு வெவ்வேறு தடிமனில் இருந்தன. 1958 அக்டோபர் முதல் 1960 நவம்பர் வரை, ஒரு வளையத்தை மட்டும் வண்டி ஏறாமல் ஒப்பீட்டுக்காக விட்டுவிட்டு, மற்றவற்றில் ராணுவ ஓட்டுநர்கள் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். பதினோரு லட்சத்துக்கும் அதிகமான முறை லாரி அச்சுகளின் சுமை அந்தச் சாலைகளில் ஏறி இறங்கியது. செலவு 2.7 கோடி டாலர். எந்தத் தடிமன் எத்தனை லாரிகளைத் தாங்கும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். தாங்கவில்லை என்று எப்போது முடிவு கட்டுவது? அங்கேதான் சிக்கல். ஒருவர் விரிசலைப் பார்த்து இது முடிந்தது என்பார். இன்னொருவர் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்பார்.

வில்லியம் கேரி, பால் ஐரிக் என்ற இருவர் இதற்குக் கண்ட வழி விசித்திரமானது. கருவியைத் தேடுவதற்கு முன் மனிதர்களைத் தேடினார்கள். சாலை என்பது பயணிகளுக்காகத்தானே. அவர்களுக்கு அது பிடிக்காமல் போகும் நாள்தான் அது கெட்டுப்போகும் நாள் என்பது அவர்கள் வாதம். நெடுஞ்சாலைத் துறையினர், லாரித் தொழிலைச் சேர்ந்தவர்கள், வாகன உற்பத்தியாளர்கள் என ஒரு குழுவைக் கூட்டி, இல்லினாய், மினசோட்டா, இந்தியானா மாநிலங்களில் 138 சாலைத் துண்டுகளின்மேல் பயணம் செய்ய வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு துண்டுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். கூடவே ஒரு நேரடிக் கேள்வி: இந்தச் சாலை ஏற்கத்தக்கதா, இல்லையா?

மனிதர்கள் மதிப்பெண் போட்ட பிறகுதான் கருவிகள் வந்தன. அதே துண்டுகளின் மேடுபள்ளம், சக்கரத் தடத்தின் ஆழம், விரிசலின் பரப்பு, ஒட்டுகளின் பரப்பு எல்லாவற்றையும் அளந்து, எந்த அளவுகளைக் கூட்டிக் கழித்தால் மனிதர் போட்ட மதிப்பெண் கிடைக்கிறது என்று ஒரு சமன்பாடு கட்டினார்கள். விடை பலருக்கு வியப்பளித்தது. மதிப்பெண்ணைத் தீர்மானித்தது பெரும்பாலும் குலுக்கல், அதாவது சாலையின் நீளவாக்கில் சாய்வு எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்பதே. பொறியாளர்கள் காலங்காலமாகக் குனிந்து எண்ணிவந்த விரிசலுக்கும் ஒட்டுக்கும் அதில் மிகச் சிறிய இடம்தான். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு விரிசல் தெரியாது. முதுகெலும்புக்குக் குலுக்கல் தெரியும்.

இந்த ஆய்வின் வழியே வந்த ஒரு சிறு பட்டியல் அமெரிக்கச் சாலை வடிவமைப்புக் கையேட்டில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது சமன்பாட்டைவிடச் சுவையானது. மதிப்பெண் 3.0 என்று இருக்கும் சாலையை ‘ஏற்க முடியாது’ என்பவர்கள் 12 சதவீதம். 2.5-க்கு இறங்கினால் 55 சதவீதம். 2.0-க்கு இறங்கினால் 85 சதவீதம். அரை மதிப்பெண் சரிவில் எட்டில் ஒருவரின் முணுமுணுப்பு பாதிப்பேருக்கு மேற்பட்டவர்களின் கோபமாகிவிடுகிறது. சாலை மெல்ல மெல்லத் தேய்கிறது. பொறுமை மட்டும் ஓரிடத்தில் செங்குத்தாக விழுகிறது. நான்கு மதிப்பெண் சாலையை நான்கரை ஆக்க ஒரு மாநகராட்சி எவ்வளவு செலவழித்தாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை. 2.4-இல் கிடப்பதை 3.1-க்கு ஏற்றினால் தெருவே பேசும். சராசரியைப் பார்த்துத் திட்டமிடுகிறவர்கள் கண்ணுக்கு இந்த வித்தியாசம் படாது.

‘மக்களின் திருப்தியையெல்லாம் அளக்க முடியுமா, அது மனதுக்கு மனம் மாறுமே, கருவி சொல்வதுதான் உண்மை’ என்று சொல்கிறவர்களிடம் ஒட்டாவாவின் கதையைத்தான் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கருவிக்கு எது நல்ல சாலை என்று முதலில் கற்றுக்கொடுத்ததே மனிதர்களின் மதிப்பெண்தான்.

ஆனால் யாருடைய மதிப்பெண்? 1982-இல் உலக வங்கியின் முயற்சியில் பிரேசிலியாவில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, தங்கள் கருவிகளை ஒரே சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று உலகமெங்கும் புழங்கும் பன்னாட்டுக் கரடுமுரடுக் குறியீடு அங்கிருந்து வந்தது. கணினிக்குள் ஒரு காரின் கால்பாகத்தை, அதாவது ஒரு சக்கரம், ஒரு ஸ்பிரிங், அதன்மேல் ஒரு எடையை, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஸ்பிரிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதே அந்தக் குறியீடு. நெடுஞ்சாலைக்கு அருமையான அளவு. ஊருக்குள், சிக்னலுக்குச் சிக்னல் நின்று, மேன்ஹோல் மூடியை வளைத்து ஒதுக்கி, இருபதில் ஊரும் வண்டிக்கு அது எவ்வளவு பொருந்தும்? நடந்து போகிறவருக்கு? அந்தக் குறியீட்டுக்குள் கால்கள் இல்லை; சக்கரம்தான் இருக்கிறது.

நடைபாதைக்கென்று ஒரு குறியீடு வர மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரப்பலகைகளால் ஓடுபாதைகள் அமைத்து, பலகைகளுக்கு இடையே வெவ்வேறு அளவில் இடைவெளி விட்டு, சக்கர நாற்காலியில் செல்கிறவர்களை அவற்றின்மேல் போகச் சொன்னார்கள். உடலில் ஏறும் அதிர்வைக் கருவிகள் பதிந்தன. பயணிகளிடம் கேட்ட கேள்வி பழையதுதான்: இது ஏற்கத்தக்கதா, இல்லையா? அதன் அடிப்படையில் பாதையின் கரடுமுரடை அளக்கும் ஒரு தர முறை 2016-இல் வெளியானது. காரின் சக்கரம் கவனிக்காமல் தாண்டிவிடும் சின்னச் சந்துகூடச் சக்கர நாற்காலியின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். குழுவில் உட்காருகிறவர் மாறினால் அளவுகோலே மாறுகிறது.

நகரங்களுக்கு வருவோம். தெருவை எண்ணாக்கும் வேலையில் நியூயார்க்குக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1972-இல் வாஷிங்டனின் அர்பன் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த லூயிஸ் பிளேர், ஆல்ஃபிரட் ஷ்வார்ட்ஸ் இருவரும் தெருவின் சுத்தத்தைப் புகைப்படங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடும் ஒரு முறையை எழுதினார்கள். ‘சுமார்’, ‘பரவாயில்லை’ என்ற சொற்களை நம்பினால் ஆளுக்கொரு அர்த்தம் வரும். படத்தைக் கையில் கொடுத்து, எதிரே உள்ள தெரு எந்தப் படத்தைப் போலிருக்கிறது என்று கேட்டால் இரண்டு ஆய்வாளர்கள் ஒரே விடைக்கு வருவார்கள். நியூயார்க்கில் இதே வழியில் 1970களில் ‘ஸ்கோர்கார்ட்’ திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் மாதந்தோறும் தெருக்களையும் நடைபாதைகளையும் பார்த்து ஒன்றிலிருந்து மூன்றுக்குள் மதிப்பெண் போடுகிறார்கள். ஒன்றரைக்குக் கீழே இருந்தால் ஏற்கத்தக்க சுத்தம். நகரம் திவாலின் விளிம்புக்குப் போய்த் துப்புரவு ஆட்களைக் குறைத்த காலத்தை ஒட்டி, 1980 வாக்கில், பாதிக்குச் சற்று மேற்பட்ட தெருக்கள்தான் தேறின. 2010களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தேறின. ஒரே அளவுகோலை இத்தனை ஆண்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் இப்படி ஒரு வாக்கியத்தை எழுத முடிகிறது.

அதே நகரில் 1990களில் ‘ஃபண்ட் ஃபார் தி சிட்டி ஆஃப் நியூயார்க்’ என்ற அமைப்பு மக்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொன்னது. மாநகராட்சியின் ஆண்டறிக்கையில் எத்தனை குழிகள் அடைத்தோம், எத்தனை டன் தார் கொட்டினோம் என்ற கணக்குகள் இருந்தன. மக்களோ அந்தக் கணக்கில் பேசவில்லை. போகும் வழி வழுவழுப்பாக இருக்கிறதா, வண்டி தூக்கிப் போடுகிறதா என்றே பேசினார்கள். குழி அடைத்த எண்ணிக்கை ஏறுவது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று யோசித்தால் அதன் அபத்தம் புரியும்: குழி நிறைய விழுந்த வருடத்தில்தான் நிறைய அடைக்க முடியும். அந்த அமைப்பு லேசர் கருவி பொருத்திய வண்டியை நகரின் 59 சமூக வட்டங்களிலும் ஓட்டி, வழுவழுப்புக்கும் தூக்கிப்போடும் அதிர்ச்சிகளுக்கும் கணக்கு எடுத்து 1998-இல் அறிக்கையாக வெளியிட்டது.

கருவியும் ஆய்வாளரும் இருக்கும்போது வீட்டுக்கதவைத் தட்டி ‘திருப்தியா?’ என்று எதற்குக் கேட்க வேண்டும்? கேட்காதே என்று சொன்னவர்களும் உண்டு. பிரையன் ஸ்டிபாக் 1979-இல் எழுதிய கட்டுரை, குடிமக்களின் திருப்தியைச் சேவையின் தரத்துக்கு அளவாகப் பயன்படுத்துவது ஆபத்து என்று எச்சரித்தது. திருப்தி பதில்களில் சாலையைத் தவிர எல்லாமே கலந்திருக்கும் என்பது அவர் கவலை: அரசின்மேல் உள்ள பொதுவான எரிச்சல், அக்கம்பக்கத்தின்மேல் உள்ள பாசம், வயது, வருமானம். மறுபக்கத்தில் எலினார் ஆஸ்ட்ரம் இருந்தார். பின்னாளில், 2009-இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 1970களில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவரும் அவர் மாணவர்களும் காவல் பணி, தெருவிளக்கு, சாலைப் பழுது ஆகியவற்றை ஒரே நேரத்தில் பல வழிகளில் அளக்க முயன்றார்கள்: அலுவலகப் பதிவேடு ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம், குடியிருப்பவர்களின் வாய்மொழி ஒரு பக்கம். மூன்றும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாத இடத்தில்தான் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

இந்தத் தகராறுக்கு நியூயார்க் ஒரு சோதனைக்களம் கொடுத்தது. ஆய்வாளர்களின் ஸ்கோர்கார்ட் ஒருபுறம். அதே வட்டாரங்களில் மக்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பு மறுபுறம். கிரெக் வான் ரைசினும் இரண்டு சக ஆய்வாளர்களும் இரண்டையும் அருகருகே வைத்து 2008-இல் எழுதினார்கள். ஆய்வாளர் அழுக்கு என்ற வட்டாரத்தில் மக்களும் அழுக்கு என்றார்கள். இரண்டு மதிப்பெண்களும் தெளிவாகச் சேர்ந்தே நகர்ந்தன. தெருச் சுத்தம் எல்லோர் கண்ணுக்கும் படும் விஷயம் என்பது இதற்கு உதவியிருக்கும். குடிநீர்க் குழாயின் உட்புறத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் இப்படிப் பொருந்தியிருக்குமா என்பது வேறு கதை.

ஆனால் ‘சுத்தமா?’ என்பதும் ‘திருப்தியா?’ என்பதும் ஒரே கேள்வி அல்ல. முதலாவது தெருவைப் பற்றியது. இரண்டாவது தெருவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியது. கடைச் சரக்கு வாங்குகிறவர்களை வைத்து ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் இதை ஒரு கோட்பாடாக வகுத்தார். வான் ரைசின் நியூயார்க் மக்களின் கருத்துகளில் அது செல்லுபடியாவதை 2004-இல் காட்டினார். எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால் திருப்தி, குறைந்தால் அதிருப்தி. இருபது வருடம் மண்சாலையில் நடந்தவர்களுக்கு ஒற்றைப் பூச்சுத் தார்ச்சாலை போட்டால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஒரு நடைபாதைக் கல் ஆடினாலும் பணக்காரத் தெருவிலிருந்து கோபக் கடிதம் வரும். ஆகவே இரண்டு தெருக்களின் திருப்தி சதவீதத்தை மட்டும் வைத்து எந்தத் தெரு நன்றாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. தேர்தலுக்கு முன் ‘குழியில்லா நகரம்’ என்று பேனர் கட்டும் மேயர் தனக்குத்தானே குழி வெட்டிக்கொள்கிறார் என்றும் இந்தக் கோட்பாட்டிலிருந்து பெறலாம்.

ஸ்டிபாக்கின் கவலையும் பொய்யாகிவிடவில்லை. நியூயார்க்கில் சிட்டிசன்ஸ் பட்ஜெட் கமிஷன் என்ற அமைப்பு எடுத்த கணிப்பில், நகரில் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றவர்கள் 2017-இல் ஏறக்குறையப் பாதிப்பேர். 2023-இல் 30 சதவீதம். பெரும்பாலான சேவைகளின் மதிப்பெண்ணும் கூடவே சரிந்தது. நடுவில் பெருந்தொற்று வந்து போயிருந்தது. நகரின்மேல் உள்ள மனநிலை முழுவதும் இறங்கும்போது சாலையின் மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கும், சாலையில் ஒரு கல்கூடப் பெயராமலே. தெருவில் இறங்கி அளக்கும் ஆய்வாளர் ஒருவர் கூடவே இல்லாவிட்டால் இதைப் பிரித்தறிய வழியில்லை.

கேள்வித்தாளிலும் குழிகள் உண்டு. 2011-இல் வான் ரைசினும் ஸ்டீவன் வான் டி வாலேயும் ஒரு சோதனை செய்தார்கள். பாதிப்பேரிடம் ‘மொத்தத்தில் திருப்தியா’ என்பதை முதலில் கேட்டு, சாலை, குப்பை, பூங்கா என்று தனித்தனியாகப் பிறகு கேட்டார்கள். மீதிப்பேரிடம் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். வரிசை மாறியதும் பதில்களும் மாறின. ஒன்றைப் பற்றி யோசித்த கையோடு மொத்தத்தைப் பற்றிக் கேட்டால், யோசித்த விஷயம் மொத்தத்தின்மேல் ஏறிக்கொள்ளும். ஒரு வருடம் ஒரு வரிசை, மறுவருடம் வேறு வரிசை என்று கேட்டுவிட்டு ‘திருப்தி உயர்ந்துள்ளது’ என்று செய்தி வெளியிட்டால், உயர்ந்தது திருப்திதானா என்று யார் சொல்வது?

எண்ணிக்கை இன்னொரு பொறி. நானூறு பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து கேட்டால் நகரம் முழுவதற்குமான சதவீதத்தில் ஐந்து புள்ளி இப்படியோ அப்படியோ பிழை இருக்கும். மோசமில்லை. ஆனால் கவுன்சிலர்களுக்கு நகரம் முழுவதும் எதற்கு, அவரவர் வட்டத்தின் எண்தான் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் பதினொரு வட்டங்கள். நானூறைப் பதினொன்றால் வகுத்தால் வட்டத்துக்கு 36 பேர். பிழை 16 புள்ளி. ஒரு வட்டத்தில் 48 சதவீதமும் பக்கத்து வட்டத்தில் 57 சதவீதமும் வந்தால், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்றே சொல்ல முடியாது. பத்திரிகையிலோ தரவரிசைப் பட்டியலே வந்துவிடும்.

சான் பிரான்சிஸ்கோ இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய நகரம், ஏனென்றால் அங்கே மக்கள் கணிப்பு, கள ஆய்வு என்ற இரண்டு அளவுகளும் அரசின் கடமை. 1996 முதல் நகரவாசிகளிடம் கருத்துக் கணிப்பு எடுத்து, பள்ளிக்கூடம் மாதிரி சேவைகளுக்கு எழுத்துத் தரம் போடுகிறார்கள். 2003 நவம்பரில் வாக்காளர்கள் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றி, கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் ஒரு தணிக்கைப் பிரிவை உருவாக்கினார்கள். தெருவையும் நடைபாதையையும் எந்த அளவில் பராமரிக்க வேண்டும் என்று வரையறுத்து, அதைக் களத்தில் சோதித்து அறிக்கை வெளியிடுவது அதன் வேலைகளில் ஒன்று. செலவுக்கு நகரின் பட்ஜெட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஒதுக்கப்பட்டது. சாலைத் தளத்துக்குத் தனி அளவும் உண்டு: பூஜ்யத்திலிருந்து நூறுவரை போகும் தள நிலைக் குறியீடு. அது அறுபதுகளின் நடுவில் கிடந்தபோது, 2011-இல் 24.8 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள்; பின்வந்த ஆண்டுகளில் குறியீடு எழுபதைத் தாண்டியது.

நடைபாதை அப்படி நேர்கோட்டில் வரவில்லை. அந்த ஊரில் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைச் சரிசெய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. மரத்தின் வேர் கல்லைத் தூக்கினாலும் அவரேதான் செலவழிக்க வேண்டியிருந்தது. 2016-இல் இன்னொரு வாக்கெடுப்பு தெருமரங்களையும் அவற்றால் வரும் சேதத்தையும் நகரத்தின் தலையில் வைத்து, ஆண்டுக்கு 1.9 கோடி டாலரையும் ஒதுக்கியது. இப்போது கருத்துக் கணிப்பில் ஒருவர் ‘நடைபாதை மோசம்’ என்று சொல்கிறார் என்றால், அந்த மார்க் யாருக்கு? நகரத்துக்கா, பக்கத்து வீட்டுக்காரருக்கா, மரத்துக்கா? பதில் சொன்னவருக்கே தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்குக் கால் இடறியது, அவ்வளவுதான். பொறுப்பைப் பிரித்துப் பார்ப்பது கணிப்பை வாசிக்கிறவரின் வேலை.

துறைகளுக்கு இடையே ஓட்டப்பந்தயம் வைக்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. தாமஸ் மில்லரும் மிஷெல் மில்லரும் அமெரிக்க ஊர்களில் எடுக்கப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட கணிப்புகளைத் திரட்டி 1991-இல் ஒப்பிட்டார்கள். தீயணைப்புத் துறை எங்கு பார்த்தாலும் உச்சத்தில். தெருப் பழுதுபார்ப்பு எங்கு பார்த்தாலும் அடியில். தீயணைப்பு வீரரைப் பெரும்பாலானோர் வாழ்நாளில் சந்திப்பதே இல்லை, பள்ளத்தைத் தினமும் இருமுறை சந்திக்கிறார்கள். சாலைத் துறை பொறியாளரைத் தீயணைப்பு அதிகாரியோடு ஒப்பிட்டுத் திட்டுவதில் பொருளில்லை. பக்கத்து நகரத்தின் சாலைப் பொறியாளரோடு ஒப்பிடலாம், தன் நகரத்தின் போன வருடத்தோடு ஒப்பிடலாம்.

கணிப்பு இவ்வளவு தொல்லை என்றால் புகார்களை எண்ணினால் போதாதா? நிர்வாகிகளுக்கு மிகவும் பிடித்த குறுக்குவழி இது. செலவில்லாமல் கணினியில் வந்து குவிகிறது. ஆனால் புகார் வேறு, அதிருப்தி வேறு. மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் கான்ஸ்டன்டைன் கொன்டொகோஸ்டாவும் போயோங் ஹாங்கும் புகார்த் தொலைபேசி எண்ணின் பதிவுகள், குடியிருப்போர் கணிப்பு, சாலையின் உண்மை நிலை மூன்றையும் சேர்த்துப் பார்த்து 2021-இல் எழுதினார்கள். வருமானம் குறைந்த பகுதிகளிலும் சிறுபான்மையினர் பகுதிகளிலும் சாலை பற்றிய புகார் குறைவாகவே வந்தது. சாலை நன்றாக இருந்ததால் அல்ல. அவர்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலிகள் இருந்தன; கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பும் இத்தகைய இடங்களில் இருக்கும். புகார் வரும் இடத்துக்கு மட்டும் தார் வண்டியை அனுப்பும் நகரம், கூப்பிடத் தெரிந்தவர்களின் தெருவை மட்டுமே வழுவழுப்பாக்கும். அடுத்த வருடம் கணிப்பில் அவர்கள் திருப்தி என்பார்கள்.

பாஸ்டன் நகரம் 2012-இல் மனிதரின் சலிப்பைத் தாண்ட முயன்றது. ‘ஸ்ட்ரீட் பம்ப்’ என்ற செயலியைக் காரில் வைத்துக்கொண்டு போனால் போதும், கைபேசியில் உள்ள அதிர்வுமானி குலுக்கலைப் பதிந்து நகரத்துக்கு அனுப்பிவிடும். இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. அப்போது ஸ்மார்ட்போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்பதால், முதியவர்களும் ஏழைகளும் வாழும் தெருக்கள் வரைபடத்தில் மங்கலாகிவிடும் அபாயம் ஒன்று. மற்றது எதிர்பாராத லாபம்: பதிவான குலுக்கல்களில் பெரும்பங்கு பள்ளங்களால் வந்ததே அல்ல, சாலை மட்டத்துக்குக் கீழே அமுங்கிக் கிடந்த மேன்ஹோல் மூடிகளால் வந்தது. குழி அடைக்கும் ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் இது தீராது. மூடிகளுக்குச் சொந்தக்காரர்களான நிறுவனங்களோடு பேச வேண்டும்.

புகார் வரைபடங்களில் என் மனம் கவர்ந்தது நியூயார்க்கில் இருந்தது. 1979-இல் வந்த ‘குழிச் சட்டம்’, ஒரு குறிப்பிட்ட பழுதைப் பற்றி முன்பே எழுத்தில் அறிவிப்பு வந்திருந்தால்தான் விழுந்தவர் நகரத்திடம் இழப்பீடு கேட்க முடியும் என்றது. விழுவதற்கு முன் யார் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்? வழக்கறிஞர்கள் எழுதினார்கள். 1982-இல் அவர்கள் சங்கம் ஒரு நிறுவனம் தொடங்கி, ஆட்களை அனுப்பி, நகரின் நடைபாதைகளில் உள்ள விரிசல், மேடு, பள்ளம் ஒவ்வொன்றையும் குறியீடுகளால் வரைந்து, வரைபடங்களைக் கட்டுக்கட்டாக நகரத்திடம் ஒப்படைத்தது. நகரத்தின் அத்தனை நடைபாதைப் பழுதுகளும் முன்னறிவிப்பு பெற்றுவிட்டன! திருப்திக்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் நடைபாதையை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கெடுத்தவர்கள் வேறு யாராவது இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நம் பக்கத்தில் இந்த வேலையை முதலில் ஒழுங்காகச் செய்தது பெங்களூரு. பொருளியலாளர் சாமுவேல் பாலும் அவர் நிறுவிய பப்ளிக் அஃபேர்ஸ் சென்டரும், குடிமக்களே அரசு நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் அறிக்கையை 1994-இல் வெளியிட்டார்கள். சேவைகளில் திருப்தி என்றவர்கள் சராசரியாக 9 சதவீதம். நாளிதழ்கள் அந்த எண்ணைத் தூக்கிப் பிடித்தன. 1999-இல் மீண்டும் கேட்டார்கள், 2003-இல் மூன்றாம் முறை கேட்டபோது 49 சதவீதம் வந்தது. இடையில் அரசு அமைத்த செயற்குழு ஒன்று மாநகராட்சி உள்ளிட்ட நிறுவனங்களை உலுக்கியிருந்தது. ஒரே ஊரில், ஒரே மாதிரிக் கேள்வியை, ஒன்பது ஆண்டுகளுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டதுதான் அதன் பலம்.

இத்தனை கணிப்புகளிலும் விடாமல் தொடரும் ஒரு ஓட்டை, பதில் சொல்ல வராதவர்கள். நடைபாதையில் நின்று அங்கே நடந்துபோகிறவர்களிடம் ‘இது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், அதில் நடக்க முடிந்தவர்களின் கருத்து மட்டும் கிடைக்கும். அரையடி உயரத்தில் ஏறி இறங்கும் நடைபாதையால் வீட்டோடு முடங்கிவிட்ட மூட்டுவலிக்காரர் அங்கே இருக்க மாட்டார். பார்வையற்றவர் வேறு வழியில் போயிருப்பார். நடைபாதை மோசமாக ஆக ஆக, அதில் மிஞ்சுகிறவர்கள் திடகாத்திரமானவர்களாகவே இருப்பார்கள். திருப்தி சதவீதம் உயரக்கூட வாய்ப்பு உண்டு. வீடுவீடாகப் போய்க் கேட்டாலும், ஆயிரம் பேரில் சக்கர நாற்காலிக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வருவார்கள். சராசரியில் அவர்கள் குரல் கரைந்துவிடும். சாலையின் சராசரி நிலையும் அவர்களுக்கு உதவாது. நூறு மீட்டரில் தொண்ணூற்றொன்பது மீட்டர் சரியாக இருந்து, ஒரு இடத்தில் கல் பெயர்ந்திருந்தால் அவர்களுக்கு அந்த வழி முழுவதும் அடைப்பு.

அமெரிக்காவில் கணிப்பு செய்யாததை நீதிமன்றம் செய்தது. நடைபாதையும் நகரம் அளிக்கும் சேவைதான், ஆகவே 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று சாக்ரமெண்டோ நகரம் தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் சொன்னது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2015-இல் ஒரு சமரசத்துக்கு வந்து, முப்பது ஆண்டுகளில் சுமார் 140 கோடி டாலர் செலவிட்டு நடைபாதைகளைச் சீராக்க ஒப்புக்கொண்டது. எந்தத் திருப்திச் சதவீதமும் அந்தத் தொகையை வரவழைத்ததில்லை.

கேள்வியை மாற்றிப் பார்க்கலாம் என்பது என் கட்சி. ‘உங்கள் பகுதி நடைபாதையில் திருப்தியா?’ என்று கேட்டால், எந்த நடைபாதை, எந்த நாள், எதனோடு ஒப்பிட்டு என்று தெரியாத ஒரு எண் வரும். ‘கடைசியாக நடந்துபோனபோது நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்க நேர்ந்ததா? எந்த இடத்தில்?’ என்று கேட்கலாம். ‘இந்த மாதம் வழி சரியில்லை என்பதற்காகப் போகாமல் விட்ட இடம் உண்டா?’ என்று வீட்டிலிருப்பவரிடம் கேட்கலாம். அப்படி வரும் பதிலில் ஒரு முகவரி இருக்கும். மறுநாள் காலை ஒருவர் அங்கே போய், கல் எத்தனை மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறது, மின்பெட்டி எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று அளந்து வரலாம்.